தடை எந்த வாசலை அடைக்கிறது? பொருளாதாரத் தடையும் நிறுவனங்களின் கணக்கேடும்

2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது அமெரிக்கா மொத்தம் 50 விழுக்காடு இறக்குமதி வரி விதித்தபோது, காரைக்குடிக் கடைவீதியில் "அமெரிக்கா நம்மீது தடை போட்டுவிட்டது" என்றுதான் பலரும் பேசிக்கொண்டார்கள். அது தடையன்று, வரி. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூலை 18 அன்று, குஜராத்தின் வாடினாரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்தை ஐரோப்பிய ஒன்றியம் தன் தடைப்பட்டியலில் சேர்த்திருந்தது. அது உண்மையான தடை. அதைப் பற்றி என் காதில் ஒரு பேச்சும் விழவில்லை.

சிறிய ஏற்றுமதியாளர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். "தடை போட்டால் அந்த நாடே படுத்துவிடும்" என்று நம்புகிறவர்களையும், "தடையெல்லாம் வெறும் காகிதம், வியாபாரம் எப்படியும் நடக்கும்" என்று நம்புகிறவர்களையும் அன்றாடம் சந்திக்கிறேன். ஒரு நாட்டின் மீது அறிவிக்கப்படும் தடை கடைசியில் வந்து விழுவது தனித்தனி நிறுவனங்களின் கணக்கேட்டில் என்பதை இரு சாராரும் கவனிப்பதில்லை. ஒரே தடை ஒரு நிறுவனத்தை மூடச் செய்கிறது, இன்னொன்றைத் தொடாமல் விடுகிறது, மூன்றாவதற்கு இலாபத்தைக் கூட்டுகிறது. அது எப்படி என்பதைப் புதிதாகக் கற்பவர்களுக்காக அடிப்படையிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

வரி, தடை, நாட்டுடைமை

வரி என்பது சுங்கச்சாவடியைப் போன்றது. பணத்தைக் கட்டினால் வண்டி போகும். பொருளாதாரத் தடை என்பது பாதையையே அடைப்பது. எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் போக முடியாது. சற்றுத் துல்லியமாகச் சொன்னால், ஒரு நாட்டையோ நிறுவனத்தையோ தனிமனிதரையோ தன் போக்கை மாற்றிக்கொள்ளச் செய்வதற்காக, இன்னோர் அரசு அவர்களுடன் குறிப்பிட்ட கொடுக்கல் வாங்கல்களைச் சட்டப்படி தடுப்பதுதான் பொருளாதாரத் தடை. இந்தச் சட்டம் முதலில் கட்டிப்போடுவது தடை விதிக்கும் நாட்டின் சொந்த வங்கிகளையும் வணிகர்களையும்தான். "நீ விற்காதே" என்று எதிரியிடம் சொல்ல அந்த அரசுக்கு அதிகாரம் கிடையாது. "நீ அவனிடம் வாங்காதே" என்று தன் குடிமக்களிடம் சொல்லத்தான் அதிகாரம் உண்டு.

ஐ.நா. பாதுகாப்பு மன்றம் தன் சாசனத்தின் 41ஆம் பிரிவின்படி விதிக்கும் தடை எல்லா உறுப்பு நாடுகளையும் கட்டுப்படுத்தும். அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன் போன்றவை தாமாக விதிப்பவை தனித் தடைகள். அவற்றைத் தான் ஏற்பதில்லை என்பதே இந்தியாவின் நிலைப்பாடு. இந்தியாவும் தடை விதித்த நாடுதான் என்பதை இங்கே நினைவுபடுத்த வேண்டும்: இனவெறிக் கொள்கைக்காகத் தென்னாப்பிரிக்காவுடனான வணிகத்தை 1946இலேயே துண்டித்தோம்.

செட்டிநாட்டில் இன்னொரு குழப்பமும் உண்டு. பர்மாவில் இவ்வூர் வணிகர்கள் போட்ட முதல் போனதைச் சிலர் "அந்தக் காலத்துத் தடை" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 1942இல் ஜப்பானியப் படையெடுப்பு, 1948இல் பர்மா விடுதலை பெற்றபின் வந்த நிலச் சட்டங்கள், 1960களில் நடந்த நாட்டுடைமை ஆகியவற்றால் போன சொத்து அது. நாட்டுடைமையில் சொத்து கைமாறிவிடுகிறது. தடையிலோ பெரும்பாலும் சொத்து முடக்கம் மட்டுமே நடக்கிறது. அதாவது, பத்திரம் உரியவர் பெயரிலேயே இருக்கும், விற்கவோ எடுக்கவோ முடியாது. ரஷ்ய மத்திய வங்கியின் சுமார் 30,000 கோடி டாலர் கையிருப்பு, உக்ரைன் மீதான படையெடுப்பை அடுத்து, 2022இல் இவ்வாறுதான் முடங்கியது. அதில் பெரும்பகுதி பெல்ஜியத்தில் ரஷ்யாவின் பெயரிலேயே பூட்டிக் கிடக்கிறது.

இதுவரை பார்த்தவை: வரி கட்டினால் வழி உண்டு, தடையில் வழி இல்லை, நாட்டுடைமை சொத்தைப் பறிக்கும், தடை அதைப் பூட்டும்.

ஒரு வீடு, பல வாசல்கள்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அவற்றின் நீளம் தெரியும். முகப்பு ஒரு தெருவில் திறக்கும். வளவு, இரண்டாம் கட்டு எனக் கடந்து போனால் பின்கட்டு வாசல் அடுத்த தெருவில் திறக்கும். ஒரு நிறுவனத்தையும் அப்படி ஒரு வீடாக எண்ணிக்கொள்ளுங்கள். சரக்கு வெளியே போக ஒரு வாசல், மூலப்பொருள் உள்ளே வர ஒரு வாசல், பணம் வந்து போக ஒரு வாசல், கப்பலும் காப்பீடும் கிடைக்க ஒரு வாசல். தடை இவற்றில் ஒன்றையோ இரண்டையோதான் அடைக்கிறது. எந்த வாசல் அடைபட்டது, அந்த நிறுவனம் அந்த வாசலையே நம்பியிருந்ததா, பின்கட்டு வாசல் இருக்கிறதா என்ற கேள்விகளே பாதிப்பின் அளவைத் தீர்மானிக்கின்றன.

இவற்றில் மிகக் குறைவாகப் புரிந்துகொள்ளப்படுவது பண வாசல். இரங்கூனிலிருந்த ஒரு வட்டிக்கடை எழுதிக் கொடுத்த உண்டியலை (பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டை) சென்னையில் இன்னொரு கடை ஏற்றுப் பணம் கொடுத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். நோட்டுக் கட்டு கடலைக் கடக்கவில்லை. "இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவும்" என்ற எழுத்து கடந்தது, அந்த எழுத்தின் மீதிருந்த நம்பிக்கை கடந்தது. ஒரு கடையின் உண்டியலை மற்றக் கடைகள் ஏற்க மறுத்தால், பெட்டகத்தில் பணம் இருந்தும் அந்தக் கடை வெளியூரில் ஒன்றும் செய்ய முடியாது.

இன்றைய ஸ்விஃப்ட் அந்த எழுத்தின் வேலையைத்தான் செய்கிறது. அதைப் பணம் அனுப்பும் நிறுவனம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பெல்ஜியத்தைத் தலைமையிடமாகக் கொண்ட, வங்கிகளுக்கிடையிலான செய்திப் பரிமாற்ற அமைப்பு. 2012 மார்ச்சில் ஈரானிய வங்கிகள் பலவும், 2022 மார்ச்சில் ரஷ்ய வங்கிகள் ஏழும் அதிலிருந்து நீக்கப்பட்டன. அந்த வங்கிகளில் கணக்கு வைத்திருந்த நிறுவனங்கள் எந்தத் தடைப்பட்டியலிலும் இல்லாவிட்டாலும், வெளிநாட்டுக் கொடுக்கல் வாங்கலுக்குச் சுற்றுவழி தேட வேண்டியதாயிற்று.

காப்பீட்டு வாசலையும் அரசுகள் கண்டுகொண்டுவிட்டன. 2022 டிசம்பரில் ரஷ்யக் கச்சா எண்ணெய்க்குப் பீப்பாய்க்கு 60 டாலர் என்ற விலை உச்சவரம்பைக் கொண்டுவந்த மேற்கு நாடுகள், கடலில் கப்பல்களை மறிக்கவில்லை. அதற்கு மேற்பட்ட விலையில் வாங்கிய எண்ணெயை ஏற்றும் கப்பலுக்குத் தங்கள் நாட்டுக் காப்பீடும் பிற சேவைகளும் கிடைக்காது என்று அறிவித்தன. துறைமுகங்கள் பல, காப்பீடு இல்லாத கப்பலை உள்ளே விடுவதில்லை என்பதால் இந்த ஏற்பாட்டுக்கு வலு கிடைத்தது.

இன்னும் இரண்டு சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும். தடைக்கு உள்ளானவருடன் வணிகம் செய்யும் மூன்றாம் நாட்டு நிறுவனத்தையும் தண்டிப்பதாக அச்சுறுத்துவது இரண்டாம் நிலைத் தடை. பட்டியலில் உள்ளவர்கள் பாதியோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் நிறுவனமும், பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும், தடைக்கு உட்பட்டதாகவே கருதப்படும் என்பது அமெரிக்காவின் ஐம்பது விழுக்காட்டு விதி.

சுருங்கச் சொன்னால், தடை வேலை செய்வது பெரும்பாலும் இடையில் நிற்கும் வங்கி, கப்பல், காப்பீடு ஆகியவற்றின் வழியாகத்தான்.

வங்கிகளின் அச்சம்

துறைவாரியாகப் பார்க்கும்போது வங்கியிலிருந்து தொடங்குவதே பொருத்தம், ஏனெனில் வங்கியின் அச்சம்தான் மற்றத் துறைகளுக்குப் பரவுகிறது. சூடான், ஈரான், கியூபா மீதான அமெரிக்கத் தடைகளை மீறியதற்காக பி.என்.பி. பரிபா என்ற பிரெஞ்சு வங்கி 2014இல் ஏறத்தாழ 890 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. அதைக் கண்ட பிற வங்கிகளின் கணக்கு எளிமையானது: சந்தேகத்துக்குரிய ஒரு வாடிக்கையாளரால் கிடைக்கும் கட்டணம் சில ஆயிரம், தவறிவிட்டால் போவது பல கோடி. எனவே சட்டம் அனுமதிக்கும் வணிகத்தைக்கூட அவை தள்ளி வைக்கின்றன. இதை மிகை எச்சரிக்கை எனலாம்.

அது எங்கள் ஊர் வரை வந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். நான் கணக்கு எழுதிக் கொடுக்கும் ஆச்சி ஒருவர் சீப்புச் சீடை, மாவுருண்டை, தேன்குழல் முதலியவற்றைச் செய்து வளைகுடா நாட்டுக் கடைகளுக்கு அனுப்புகிறார். ஒரு தீபாவளிக்கு முன்பு, துபாயிலிருந்து அவருக்கு வரவேண்டிய பணம் நடுவழியில் நின்றுவிட்டது. வாங்கியவரின் நிறுவனப் பெயரில் இரண்டு சொற்கள், ஏதோ ஒரு தடைப்பட்டியலிலிருந்த வேறொரு நிறுவனத்தின் பெயரோடு ஒத்துப்போயினவாம். விலைப்பட்டியல், கப்பல் இரசீது, வாங்கியவரின் உரிமப் பிரதி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். "ஆச்சி, உங்கள் பணம் எங்கேயும் போகாது. ஆனால் மேலிடத்திலிருந்து சொல்லும் வரை வரவு வைக்க எனக்கு அதிகாரம் இல்லை" என்றார் வங்கி அலுவலர். "தம்பி, நான் அனுப்பினது சீடை. அதிலே யாருக்கு என்ன பயம்?" என்று கேட்ட ஆச்சிக்கு அவரிடம் பதில் இல்லை. ஐந்து வாரம் கழித்துப் பணம் வந்தது. நெய்யும் அரிசியும் வாங்குவதற்கு அதற்குள் அவர் வெளியில் வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தார்.

மாற்று வாசல் உள்ள பொருள், இல்லாத பொருள்

கச்சா எண்ணெய் கப்பலில் போகும் பொருள். ஒரு நாடு வாங்காவிட்டால் இன்னொரு நாட்டுக்குத் திருப்பிவிடலாம். 2022க்கு முன்பு இந்தியாவின் எண்ணெய் இறக்குமதியில் 2 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த ரஷ்யாவின் பங்கு, 2023இல் மூன்றில் ஒன்றைத் தாண்டியது. ரஷ்ய நிறுவனங்களின் விற்பனை அளவு பெரிதாகக் குறையவில்லை. தள்ளுபடி விலையில் விற்றதாலும் நீண்ட கடல் வழியாலும் அவற்றின் இலாபம் குறைந்தது. அந்தத் தள்ளுபடி இந்தியச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு இலாபமாயிற்று. ஆனால் பின்கட்டு வாசல் என்றைக்கும் திறந்தே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. 2025 அக்டோபரில் ரோஸ்நெஃப்ட், லூக்காயில் ஆகிய இரண்டு பெரிய ரஷ்ய எண்ணெய் நிறுவனங்களையே அமெரிக்கா பட்டியலில் சேர்த்தபோது, வாங்குவோர் எல்லாரும் தங்கள் ஒப்பந்தங்களை மறுபடியும் எடுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

எரிவாயு அப்படியில்லை. ஐரோப்பாவை நோக்கிப் பதித்த குழாயை ஒரே ஆண்டில் சீனாவை நோக்கித் திருப்ப முடியாது. ரஷ்யாவின் காஸ்ப்ரோம் நிறுவனம் 2023இல் சுமார் 62,900 கோடி ரூபிள் நட்டம் காட்டியது. 1999க்குப் பின் அதன் முதல் ஆண்டு நட்டம் அது. இதைத் தடையின் வெற்றி என்று மட்டும் சொல்வது சரியாகாது. ரஷ்யா தானே வாயு வழங்கலைக் குறைத்ததும், 2022 செப்டம்பரில் நார்ட் ஸ்ட்ரீம் குழாய்கள் வெடித்ததும், ஐரோப்பா வேறு வாயுவைத் தேடிக்கொண்டதும் சேர்ந்த விளைவு அது.

பல பாகங்களால் ஆன பொருள்

உற்பத்தித் துறைக்கு வந்தால், ஒரு பொருளுக்குள் எத்தனை நாடுகள் ஒளிந்திருக்கின்றன என்பதுதான் கேள்வி. ஆத்தங்குடியில் பூக்கல் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடித் தட்டின் மேல் சட்டத்தையும் அச்சையும் வைத்து, அச்சின் ஒவ்வொரு அறையிலும் கரைத்த வண்ணத்தைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியபின் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன்மேல் கலவையை இட்டுச் சமன்செய்து, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊற வைக்கிறார்கள். மணல் ஊர் மணல், கை ஊர்க் கை. அந்தப் பட்டறையை மூட வேண்டுமானால் வெளிநாட்டு அரசொன்று மிகவும் பாடுபட வேண்டும்.

காரின் நிலை நேர்மாறானது. ஆயிரக்கணக்கான பாகங்களில் ஒரு மின்னணுச் சில்லு வராவிட்டால் வண்டி தொழிற்சாலையை விட்டு நகராது, அல்லது குறையோடு நகரும். 2022இல் ரஷ்யாவின் அவ்டோவாஸ் நிறுவனம் லாடா கிராண்டா காரைக் காற்றுப்பை இல்லாமலும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் தடுப்பான் அமைப்பு இல்லாமலும் விற்றது. அந்த ஆண்டு ரஷ்யாவின் கார் உற்பத்தி சுமார் 4.5 இலட்சமாக, முந்தைய ஆண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. காலியான இடத்தைப் பிடித்துக்கொண்டவை சீன நிறுவனங்கள். விமானத் துறையும் இதே வகைதான், உதிரிபாகத்தோடு குத்தகையும் காப்பீடும் சேர்ந்துகொள்வதால் சிக்கல் இன்னும் கூடும்.

உலோகத்தில் அடி விதித்தவர் பக்கமே திரும்பியதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு ரூசால். 2018 ஏப்ரல் 6 அன்று அமெரிக்கா அந்த ரஷ்ய அலுமினிய நிறுவனத்தைப் பட்டியலில் சேர்த்தது. அடுத்த வணிக நாளில் ஹாங்காங் சந்தையில் அதன் பங்கு விலை ஏறத்தாழ பாதியானது. ஆனால் உலகின் அலுமினியத்தில் 6 விழுக்காட்டுக்கு மேல் அந்த ஒரே நிறுவனத்திடம் இருந்ததால் உலோக விலை எகிறியது, ஐரோப்பியத் தொழிற்சாலைகள் முறையிட்டன. அமெரிக்கா அவகாசத்தை மீண்டும் மீண்டும் நீட்டித்து, முதன்மைப் பங்குதாரர் தன் பங்கைக் குறைத்த பிறகு 2019 ஜனவரியில் தடையை நீக்கியது.

விலக்கு இருந்தும் அடிபடும் துறைகள்

உணவுக்கும் மருந்துக்கும் தடையிலிருந்து விலக்கு உண்டு என்பது பெரும்பாலும் உண்மை. ஆயினும் பாசுமதி வணிகர்கள் அடிபட்டார்கள். ஈரானிய எண்ணெய்க்கு இந்தியா கொடுத்த ரூபாய் யூகோ வங்கியில் ஈரானின் கணக்கில் சேர்ந்தது. அந்த ரூபாயைக் கொண்டு ஈரான் நம் அரிசியையும் தேயிலையையும் வாங்கியது. ஈரானிய எண்ணெய் வாங்க இந்தியாவுக்கு அமெரிக்கா தந்திருந்த விலக்கு 2019 மே மாதம் முடிந்து, எண்ணெய் வாங்குவது நின்றதும், ரூபாய்க் கணக்குக்கு வரவு நின்றது. கையிருப்பு கரையக் கரைய ஏற்றுமதியாளர்களின் பணமும் தாமதப்பட்டது. அரிசிக்குத் தடையில்லை, அரிசி வாங்கும் பணத்தின் ஊற்றுக்கண் அடைபட்டுவிட்டது. இலங்கை இதே சிக்கலுக்குப் பண்டமாற்றில் விடை தேடியது: ஈரானுக்குத் தரவேண்டிய 25.1 கோடி டாலர் எண்ணெய்க் கடனைத் தேயிலையாக அடைக்க 2021 டிசம்பரில் உடன்பாடு செய்துகொண்டது.

வைரத்தில் அடிபட்டவர் இன்னும் தொலைவில் இருப்பவர். 2024 தொடக்கத்திலிருந்து ஜி-7 நாடுகள் ரஷ்ய வைரத்தைத் தடுத்தன. உலகின் வைரங்களில் மிகப் பெரும்பகுதி பட்டை தீட்டப்படுவது சூரத்தில். ரஷ்யக் கல்லைத் தொடாத பட்டறைக்காரரும் "இது ரஷ்யக் கல் அன்று" என்று மெய்ப்பிக்க வேண்டிய செலவு அவர் தலையில் ஏறியது.

நயாரா விஷயத்தில் பார்த்தது இன்னொரு புதிய வாசல். ரோஸ்நெஃப்ட் அதில் 49.13 விழுக்காடு பங்கு வைத்திருக்கிறது. ஐரோப்பியச் சட்டம் இந்தியாவில் செல்லாது. ஆனாலும் மைக்ரோசாஃப்ட் தன் மின்னஞ்சல் முதலிய சேவைகளை அந்நிறுவனத்துக்குச் சில நாள் நிறுத்தியது. நயாரா தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியபின் சேவை மீண்டது. மென்பொருளை வாடகைக்கு எடுத்திருக்கும் எந்த நிறுவனமும் இதை ஆற அமர யோசிக்க வேண்டும்.

இப்பகுதியின் சாரம்: பொருளைத் திருப்பிவிட முடிந்தால் இலாபம் குறையும், தொழில் நிற்காது, பாகத்துக்கு மாற்று இல்லாவிட்டால் தொழிலே நிற்கும், விலக்கு பெற்ற துறை பணத்தின் பக்கத்திலிருந்து அடிபடும்.

ஐந்தொகையில் எங்கே பார்ப்பது

ஒரு நிறுவனம் பாதிக்கப்பட்டதா என்பதற்கு விற்பனைத் தொகையை மட்டும் பார்ப்பது வழக்கமான தவறு. ரூசால் தடையின்போது அலுமினிய விலை எகிறியதைப் போல், விலை ஏறினால் குறைந்த சரக்கை விற்றும் விற்பனைத் தொகை ஏறித் தெரியலாம். சரக்குக் கட்டணம், காப்பீடு, வட்டி ஆகிய செலவு இனங்களையும், வரவேண்டிய பாக்கி எத்தனை நாள் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஐந்தொகையில், அதாவது சொத்தும் கடனும் காட்டும் பட்டியலில், வரும் மதிப்பிழப்பையும் பிரித்தறிய வேண்டும். இனிப் பயன் தராது என்று தெரிந்த சொத்தின் மதிப்பை ஏட்டில் குறைத்து எழுதுவதே மதிப்பிழப்பு. ரோஸ்நெஃப்டில் தான் வைத்திருந்த 19.75 விழுக்காட்டைக் கைவிட முடிவு செய்த பிரிட்டனின் எண்ணெய் நிறுவனமான பி.பி., 2022 முதல் காலாண்டில் சுமார் 2,550 கோடி டாலரை அப்படிக் கழித்தது. பிரெஞ்சுக் கார் நிறுவனமான ரெனோ தன் அவ்டோவாஸ் பங்கை, ஆறு ஆண்டுக்குள் திரும்ப வாங்கும் உரிமையோடு, ஒரு ரூபிளுக்குக் கொடுத்தது. பி.பி.க்கு அந்தக் காலாண்டில் அவ்வளவு பணம் கையைவிட்டுப் போய்விடவில்லை. என்றோ போட்ட முதல் திரும்பாது என்பதை ஏடு ஒப்புக்கொண்டது. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. தடைக்கு உள்ளான அரசுகள் தமக்கு முக்கியமான நிறுவனங்களுக்கு மூலதனமும் ஒப்பந்தங்களும் கொடுத்துத் தாங்குகின்றன. அப்போது நிறுவனத்தின் ஏடு நன்றாகவே தெரியும், நட்டம் அரசுக் கருவூலத்துக்கு இடம் மாறியிருக்கும்.

ஆச்சியின் அந்த ஆண்டுக் கணக்கை நான்தான் முடித்தேன். விற்பனை முந்தைய ஆண்டைவிடச் சற்று கூடுதல். ஐந்து வாரத்துக்கு வெளியில் வாங்கிய கடனின் வட்டியை வட்டிச் செலவிலும், ஆவணங்களுக்கு ஆனதை வங்கிச் செலவிலும், துபாய்க் கடைக்காரர் பொறுக்க முடியாமல் வேறிடத்தில் வாங்கிக்கொண்டதால் தங்கிப்போன இரண்டாம் தவணைப் பலகாரத்தைச் சரக்கு நட்டத்திலும் எழுதினேன். "இதெல்லாம் எதனாலே வந்ததுன்னு ஏட்டிலே எங்கே எழுதியிருக்கே?" என்று ஆச்சி கேட்டார். அதற்கென்று ஒரு தலைப்பு கணக்கேட்டில் இல்லை. ஓரத்தில் பென்சிலால் "தடைப்பட்டியல் சரிபார்ப்பு" என்று குறித்துக் காட்டினேன்.